முட்டுக்கட்டை

‘நல்ல காரியத்திற்கெல்லாம் முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று ஒருவரைக் குறை கூறுவது நம்மிடையே வழக்கம். வகுப்பில் இச்சொல்லுக்குப் பொருள் கேட்டால், ‘தடை’ என்று மாணவர் தயங்காமல் விடை எழுதுவர். ஆசிரியரும் சரியென்று குறியிட்டு அடுத்த வினாவிற்குச் செல்வார். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு குறியிட்டவன்தான்.

ஆனால் அச்சொல் பிறந்த இடம் தேரோடும் வீதி. திருவாரூர்த் தேர் போன்ற பெருந்தேர்களை நூற்றுக்கணக்கானோர் வடம் பிடித்து இழுப்பர். இழுப்பவர்களால் தேரை ஓடச் செய்ய முடியும். நினைத்த இடத்தில் நிறுத்தவோ, மூலையில் திருப்பவோ முடியாது. உருளும் சக்கரத்தின் அடியில் உரிய நேரத்தில் உரிய கோணத்தில் கட்டையைச் செருகுகின்றவனே அதைச் செய்கிறான். அவன் கை ஒரு நொடி பிந்தினால் தேர் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறிவிடும். அவன் கையிலுள்ள கட்டைதான் முட்டுக்கட்டை. தேரை இழுத்தவர்கள் ‘நாங்கள் இழுத்தோம்’ என்று பெருமை பேசுவார்கள். கட்டை போட்டவனை யாரும் பேசுவதில்லை.

காதால் கேட்டும் ஏட்டில் படித்தும் அறிந்திருந்த இச்செய்தியை என் உடம்பும் உள்ளமும் உணர்ந்துகொண்டது 1977ஆம் ஆண்டில். உணர்த்தியது தேரன்று; இயந்திரம் செயலற்றுப் போன ஒரு பழைய பட்டாள லோரி.

அப்போது நான் பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், சிலிம் ரிவர் வட்டாரத்தில் இருந்த ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியனாய்ப் பணியாற்றி வந்தேன். அத்தோட்டத்தின் லோரி ஓட்டுநர் என் நண்பர். வயதில் என்னைவிட இரண்டாண்டு மூத்தவர். ஆதலால் நான் அவரை ‘அண்ணே’ என்பேன். அவர் என்னை ‘வாத்தியாரே’ என்பார். அவர் படித்தது ஆறாம் வகுப்புவரை. ஆயினும் மாலையில் பள்ளிக்கு வந்து, நான் வரவழைக்கும் நாளேட்டின் கடைசி எழுத்துவரை படித்துவிட்டுத்தான் செல்வார்.

அந்நாளில் பால்மரக் காடுகளை அழித்துச் செம்பனை நடும் வேலை நாடெங்கும் நடந்துகொண்டிருந்தது. எங்கள் தோட்டத்திலும் வயதான மரங்கள் காடு காடாகச் சாய்க்கப்பட்டன. சாய்ந்த மரங்களைச் செங்கற்சூளைக்கும் கரிச்சூளைக்கும் விறகாக விற்றால் நல்ல வருவாய் வரும் என்று நண்பர் கணக்கிட்டார். ஆனால் மழை பெய்தால் முழங்காலளவு சேறாகும் அந்தக் காட்டுப் பாதையில் சாதாரண லோரி இறங்கினால் மீளாது. முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒருசேர உந்தக்கூடிய வண்டி வேண்டும். அத்தகைய வண்டியைப் புதிதாக வாங்க அவரிடம் ஏது பணம்? பட்டாளத்தார் கழித்துவிட்ட பழைய வண்டியே அவருக்கு எட்டக்கூடிய கனியாய் இருந்தது.

பட்டாள வண்டிகளுக்கும் நம் நாட்டுக் காடுகளுக்கும் உள்ள உறவு பழையது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது கைவிடப்பட்ட லோரிகளைச் சீன வெட்டுமரக்காரர்கள் வாங்கி, மரம் இழுக்கும் பொறிகளைப் பொருத்தி, மலைக்காடுகளில் பல்லாண்டு ஓட்டினார்கள். ‘சன் தாய் ஓங்’ என்று அவற்றிற்கு ஒரு பெயரும் உண்டு. பின்னர் 1971இல் பிரிட்டிஷ் படைகள் பெரும்பாலும் சிங்கப்பூரையும் மலேசியாவையும் விட்டு நீங்கியபோது வேறு வகை வண்டிகள் வெளிவந்தன. நண்பர் கண்டுபிடித்தது அவற்றுள் ஒன்று: பெட்போர்ட் ஆர்.எல். என்னும் வகை. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் நிறுவனம் 1950களின் தொடக்கம் முதல் 1960களின் இறுதிவரை செய்த வண்டி அது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இயந்திரம். நான்கு சக்கரங்களிலும் உந்துவிசை. ஆளுயரத்திற்கும் மேலே ஓட்டுநர் இருக்கை. அந்த அறையின் கூரையில் ஒரு வட்டத் திறப்பு இருக்கும். அதன்வழி எழுந்து நின்று துப்பாக்கி ஏந்துவதற்காக அமைத்த திறப்பு அது.

கோலாலம்பூரின் செகாம்புட் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையின் பின்புறம் லாலான் புல்லுக்குள் அது நின்றது. பச்சை வண்ணம் வெளுத்து, பாசி படிந்திருந்தது. இயந்திரம் இறுகிப்போயிருந்தது. நண்பர் தம் சேமிப்பையும், கூட்டுப் பிடித்த பணத்தையும், ஓர் இணைக் காப்பை அடகு வைத்த பணத்தையும் சேர்த்து 2,800 வெள்ளியைக் கடைக்காரரான சீனப் பெரியவரிடம் எண்ணிக் கொடுத்தார். வண்டியை வேறொரு பெரிய வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவதென்றால் அதற்குமேல் சில நூறு வெள்ளி செலவாகும். அது அவரிடம் இல்லை. ஆகவே, மைத்துனரின் மரலோரியை இரவல் வாங்கி, அதன் பின்னே கட்டி இழுத்து வருவதென்று முடிவு செய்தார். ஏறத்தாழ 60 மைல். இன்றைய அளவில் 100 கிலோமீட்டர்.

இழுக்கும் லோரியை நண்பர் ஓட்டுவது. இழுபடும் லோரியில் இருந்து வழிகாட்டும் வட்டைப் பிடிக்க இன்னோர் ஓட்டுநர் வருவது என்பது ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அந்த ஓட்டுநர் வரவில்லை. வேடிக்கை பார்க்க உடன் சென்றிருந்தவன் நான்.

“வாத்தியாரே, நீங்கதான் ஸ்டியரிங் பிடிக்கணும்” என்றார் நண்பர்.

எனக்கிருந்தது மோரிஸ் மைனர் காரும் அதை ஓட்டும் உரிமமும் மட்டுமே. அச்செயல் சட்டப்படி சரியா என்று அன்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. பின்னாளில் என் மாணவன் எவனாவது இப்படிச் செய்யட்டுமா என்று கேட்டிருந்தால், ‘கூடாது’ என்றே சொல்லியிருப்பேன். ஆனால் இணைக் காப்பை அடகு வைத்த ஒருவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏறி உட்கார்ந்தேன்.

கடைக்காரப் பெரியவர் எங்களைவிடக் கவலைப்பட்டார். வண்டியின் அடியில் தாமே படுத்து, சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் நீண்ட இரும்புத் தண்டுகளைக் கழற்றி எடுத்தார். அவற்றைக் கழற்றாமல் இழுத்தால் சக்கரத்தோடு பல்சக்கரங்களும் சேர்ந்து சுழன்று, எண்ணெய் சரிவர எட்டாமல் சூடேறிக் கெட்டுவிடும் என்றார். டயர்களுக்குக் காற்றடித்து, பிரேக் எண்ணெயை ஊற்றி, என்னைப் பலமுறை மிதிக்கச் சொன்னார். பிறகு பெருவிரல் பருமனுள்ள ஓர் எஃகு வடத்தால் இரண்டு வண்டிகளையும் பிணைத்தார். இடையே 15 அடி இருக்கும்.

எல்லாம் முடிந்தபின் கதவருகே வந்து, என்னை மட்டும் பார்த்து மலாய் மொழியில், “சிக்கு, தாலி ஜாங்கான் கெண்டோர்” என்றார். ஆசிரியரே, கயிறு தளரக் கூடாது என்பது அதன் பொருள். மலாயில் ‘தாலி’ என்றால் கயிறு. நண்பர் சிரித்துவிட்டு, “நல்லாச் சொன்னாரு தவுக்கே! தாலி தளரக் கூடாதுதான்” என்றார். நானும் சிரித்தேன். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. முன்வண்டியைக் காட்டி, ‘அவன் கையில் எண்ணெய்’ என்றார். என் காலைக் காட்டி, ‘உன் காலில் பிரேக்’ என்றார். அவ்வளவுதான் அவர் நடத்திய பாடம். அதன் முழுப்பொருள் விளங்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

சாலை சமமாய் இருந்த வரையில் என் வேலை எளிதாகவே தோன்றியது. வட்டைத் திருப்புவதற்குத் தோள் வலிமை முழுதும் வேண்டியிருந்தது. மற்றபடி நான் ஒரு மூட்டையைப் போல் இழுபட்டுக்கொண்டிருந்தேன். மரலோரியின் பின்பலகையில் நண்பரின் மைத்துனர் மகன் எங்களை நோக்கி அமர்ந்திருந்தான். நான் கையசைத்தால் அவன் முன்னறையின் தகட்டைத் தட்டுவான். நண்பர் வேகத்தைக் குறைப்பார். எங்களிடையே இருந்த ஒரே செய்தித் தொடர்பு அது. செலாயாங்கைக் கடந்ததும் சாலை மேலே ஏறியது. ஏறும்போதும் எனக்கு வேலையில்லை. வடம் வீணை நரம்புபோல் விறைத்து நின்றது.

டெம்ப்ளர் பூங்காவைக் கடந்து, காஞ்சிங் சரிவில் ரவாங்கை நோக்கி இறங்கும்போதுதான் அந்த வடம் தளர்வதைக் கண்டேன்.

முதலில் அது சற்றே தொய்ந்தது. பிறகு தார்ச்சாலையை உரசித் தீப்பொறி பறந்தது. நான்கு டன்னுக்கு மேற்பட்ட அந்த இரும்பு மலை தன் எடையாலேயே உருண்டு, முன்னே செல்லும் லோரியை நெருங்கியது. நான் பிரேக்கை மிதித்தேன். இயந்திரம் ஓடும்போது உண்டாகும் உறிஞ்சுவிசைதான் அத்தகைய வண்டியின் பிரேக்குக்குத் துணைநிற்பது. இயந்திரம் ஓடாத வண்டியில் அத்துணை ஏது? மிதிகட்டை கல்லைப்போல் எதிர்த்தது. பையன் கால்களை மேலே இழுத்துக்கொண்டு கத்தினான். நான் இருக்கையிலிருந்து எழுந்து, வட்டைப் பற்றிக்கொண்டு, இரண்டு கால்களாலும் மிதிகட்டைமேல் நின்றேன். எரியும் நாற்றம் எழுந்தது. என் வண்டி வேகம் தணிந்தது. அப்பாடா என்று நான் காலைத் தளர்த்தும் முன்பே, முன்வண்டி விலகிச் சென்றதால் வடம் வெடுக்கென்று விறைத்தது. என் நெற்றி முன்கண்ணாடியின் சட்டத்தில் மோதியது. வடத்தின் புரிகளில் இரண்டு அறுந்து, பூவிதழ்போல் விரிந்து நின்றன.

இரு வண்டிகளும் சாலையோரம் நின்றபோது என் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அறுந்த புரிகளை விரலால் தடவிப் பார்த்தபோதுதான் பெரியவரின் பாடம் எனக்குப் புரிந்தது. வடம் இழுப்பதால் அறுவதில்லை, தளர்ந்தும் அறுவதில்லை. தளர்ந்தபின் திடீரென்று வருகின்ற வெட்டிழுப்பில்தான் அறுகிறது. அந்தத் தளர்ச்சி வராமல் காப்பது முன்னே இழுப்பவனால் ஆகக்கூடியதன்று. பின்னே வருபவன்தான், தன்னை இழுப்பவனுக்கு எதிராகவே, அளவோடு பிரேக்கை மிதித்து மிதித்து, வடத்தை விறைப்பாக வைத்திருக்க வேண்டும். இழுபடுபவன் மூட்டையல்லன். இழுப்பவனின் உயிர் அவன் காலடியில் இருக்கிறது.

நண்பர் என்மீது சினங்கொள்ளவில்லை. என் நெற்றியில் வழிந்த குருதியைத் தம் துண்டால் துடைத்தார். ரவாங் கடைத்தெருவில் தேநீர் அருந்தும்போது, “வாத்தியாரே, நான்தான் உங்களை இழுத்துக்கிட்டுப் போறேன்னு நெனச்சேன். எறக்கத்துல நீங்கதான் என்னைப் பிடிச்சிருக்கீங்க” என்றார். பிறகு வடத்தின் பழுதுபட்ட பகுதியை வெட்டி நீக்கி, மறுபடியும் முடிச்சிட்டார். எங்களிடையே இருந்த தொலைவு 12 அடியாகக் குறைந்தது.

அதன்பின் சிற்றிறக்கம் ஒவ்வொன்றிலும், அது தொடங்கும் முன்பே நான் மெல்ல மிதிக்கத் தொடங்கினேன். மணிக்கு 15 மைல் வேகத்தில் செரண்டா சென்றது, பத்தாங்காலி வந்தது. விரைந்து செல்பவனுக்குச் சாலை வெறும் தார். ஊர்ந்து செல்பவனுக்கோ அது ஓர் ஏடு. பட்டாள வண்டியில் அமர்ந்திருந்ததாலோ என்னவோ, அந்தச் சாலையில் முன்பு சென்ற பட்டாள வண்டிகளே என் நினைவில் வந்தன. 1948 டிசம்பரில் பத்தாங்காலிக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், பெண்களையும் குழந்தைகளையும் லோரியில் ஏற்றி அகற்றியபின், ஆயுதமற்ற 24 ஆடவர் பிரிட்டிஷ் படைவீரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1952இல் தஞ்சோங் மாலிம் நகர மக்கள், அருகில் நடந்த ஒரு தாக்குதலுக்காக, நாளொன்றுக்கு 22 மணி நேரம் வீட்டுக்குள் அடைக்கப்பட்டனர். எங்கள் சிலிம் ரிவர்ப் பகுதியிலோ, 1942 ஜனவரி 7ஆம் நாள் இதே நெடுஞ்சாலை வழியாகத்தான் ஜப்பானிய டாங்கிகள் இறங்கி வந்து, இந்தியப் படைவீரர் பலரைக் கொண்டிருந்த பிரிட்டிஷ் அணியைச் சிதறடித்தன. நெடுஞ்சாலை என்பது நமக்கு ஊருக்குப் போகும் வழி. ஆனால் அதன் வழியே வண்டி வந்தபோதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

கெர்லிங்கில் மழை பிடித்துக்கொண்டது. கூரையின் வட்டத் திறப்புக்கு மூடியில்லை. துப்பாக்கிக்காக விட்ட வழியில் மழை நேரே என் தலைமீது இறங்கியது. கலும்பாங்கில் ஒரு மாமரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றோம். தஞ்சோங் மாலிமில், 1922 முதல் மலாய் ஆசிரியர்களை உருவாக்கிவந்த சுல்தான் இட்ரிஸ் கல்லூரியைக் கடந்தபோது, நனைந்த கோழியாய் வட்டைப் பிடித்திருந்த இந்தத் தமிழாசிரியனைக் கண்டு இரண்டு மாணவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். மாலை ஆறரை மணிக்குத் தோட்டத்துச் செம்மண் சாலையில் திரும்பினோம்.

தோட்டத்தின் எல்லையை ஒட்டி நண்பர் வாங்கியிருந்த கால் ஏக்கர் நிலமும் பலகை வீடும் இருந்தன. லயத்துப் பிள்ளைகள் ஆரவாரத்துடன் வண்டியைச் சூழ்ந்து ஓடி வந்தார்கள். வாசலில் நண்பரின் தாயார் நின்றார். ஆரத்தித் தட்டோடு நிற்கிறார் என்றே தொலைவிலிருந்து எண்ணினேன். அருகில் சென்றபோது அவர் கைகளில் ஒன்றுமில்லை. வாசற்படலின் குறுக்கே இரு கைகளையும் நீட்டி நின்றார்.

“இது உள்ள வரக் கூடாது” என்றார்.

மகன் மரலோரி வாங்கி வருவதாகத்தான் அந்த அம்மா அறிந்திருந்தார். பட்டாள லோரி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நண்பர் கெஞ்சினார், விலையைச் சொன்னார், விறகு வருவாயைச் சொன்னார். அம்மா அசையவில்லை. இறுதியில் நண்பர் குரலுயர்த்தி, “நல்ல காரியத்துக்கு ஏம்மா முட்டுக்கட்டை போடுற?” என்றார். அச்சொல்லைக் கேட்டதும் அவர் என்னை நோக்கித் திரும்பினார்.

“வாத்தியாரய்யா, நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லுங்க. இந்த மாதிரி லோரிதான் எங்கப்பாவை ஏத்திக்கிட்டுப் போச்சு. லோரி ஆளை ஏத்திக்கிட்டுப் போகும், கொண்டாந்து விடாது.”

1943ஆம் ஆண்டு அவருக்கு வயது 15. சயாமில் இரயில் பாதை போடும் வேலை, மூன்றே மாதம், நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று சொல்லி, ஜப்பானியர் ஆட்கள் தோட்டத்து ஆடவர்களைப் பிரட்டுக் களத்திலிருந்தே லோரியில் ஏற்றினார்கள். அவருடைய தந்தை வெற்றிலைப் பையை எடுத்துவர வீட்டுக்குச் செல்லவும் விடப்படவில்லை. பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதை அவ்வாண்டு அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து அங்குக் கொண்டு செல்லப்பட்ட ஆசியத் தொழிலாளர் 75,000 பேருக்கு மேல் என்பர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். இறந்தோர் பல்லாயிரவர். இவையெல்லாம் நான் நூல்களில் படித்த கணக்கு. அம்மாவிடம் இருந்த கணக்கு வேறு. தந்தை இறந்தார் என்ற செய்தியும் வரவில்லை. இருக்கிறார் என்ற செய்தியும் வரவில்லை. ஆகவே அவருடைய தாய், தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று யாரைக் கேட்பதென்றே தெரியாமல், 1964இல் கண்மூடும்வரை அதை அணிந்திருந்தார். “மஞ்சக் கயிறு நைஞ்சு போனா, புதுக் கயிறு மாத்திக் கோத்துக்கும். தளர விடாது” என்றார் அம்மா.

காலையில் நாங்கள் சிரித்த சிரிப்பு என் தொண்டையில் வந்து அடைத்தது. நண்பர் தலைகுனிந்து நின்றார். தாய்வழிப் பாட்டனார் சயாமுக்குப் போனவர் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் பிரட்டுக் களத்தில் நின்ற அந்த லோரியை இன்றுவரை தம் தாய் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரியாது.

அன்றிரவு லோரி சாலையோரத்திலேயே நின்றது. மறுநாள் காலையில் நான் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் அம்மா என்னை அழைத்தனுப்பினார். நண்பரும் அங்கிருந்தார். இரவு முழுதும் இருவரும் உறங்கவில்லை என்பதை முகங்கள் காட்டின.

“வாத்தியாரய்யா சாட்சி. இந்த லோரியில மரம் ஏத்தட்டும், மண்ணு ஏத்தட்டும். ஆள் ஏத்தக் கூடாது. ஒரு ஆளைக்கூட ஏத்தக் கூடாது. அப்படின்னா உள்ள வரட்டும்.”

நண்பர் தாயின் கையைப் பிடித்து உறுதி கூறினார்.

வீட்டு வாசல் சாலையிலிருந்து சரிவாக இறங்கும். வண்டியைச் சும்மா உருளவிட்டால் நேரே வீட்டின் மீதுதான் சென்று மோதும். மாலையில் லயத்திலிருந்து இருபது பேர் வந்தார்கள். எஃகு வடத்தை வண்டியின் பின்னே பூட்டி, அது வேகமாய் இறங்கிவிடாதபடி அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். மழை நனைத்த மண்ணில் அவர்கள் கால்கள் வழுக்கின. அப்போதுதான் அம்மா பால்மரக் கட்டையொன்றைக் கையிலெடுத்தார். சக்கரம் ஒரு சாண் உருள்வதற்குள் கட்டையைச் செருகுவார், ‘ம், விடுங்க’ என்பார், கட்டையை எடுப்பார், மீண்டும் ஒரு சாண், மீண்டும் கட்டை. அவ்வாறே அந்த இரும்பு மலை தேர்போல் அடியடியாக இறங்கி, அவர் காட்டிய இடத்தில் வந்து நின்றது. முதல்நாள் ‘முட்டுக்கட்டை போடாதே’ என்று சொன்ன மகன், வடத்தின் மறுமுனையைப் பிடித்தபடி தாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

வேறோர் இயந்திரம் தேடிப் பொருத்த நான்கு மாதம் ஆயிற்று. அடகிலிருந்த காப்பு அதற்கு அடுத்த ஆண்டு மீண்டது. லோரி நன்றாகவே உழைத்தது. அக்காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களைத் திறந்த லோரிகளில் நிற்க வைத்து வேலைக்காட்டுக்கு ஏற்றிச் செல்வது எங்கும் இருந்த வழக்கம். விறகைவிட அதில் வருவாய் மிகுதி, நாள்தோறும் வரக்கூடியது. இரண்டு குத்தகைக்காரர்கள் நண்பரை அணுகினார்கள். அவர் மறுத்துவிட்டார். சேற்றுப்பாதையில் அவ்வண்டியை வெல்ல வேறு வண்டி இல்லை என்று தெரிந்த அவர்கள், கூலியை உயர்த்திக் கேட்டார்கள். “எங்க வீட்டுல ஒரு முட்டுக்கட்டை இருக்கு” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கசப்பு இல்லை.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. லோரி வெளியே சென்ற நாளெல்லாம் அது திரும்பி வரும்வரை இரவு உணவு கொள்ளமாட்டார். செம்மண் சாலையின் திருப்பத்தில் நண்பர் ஒருமுறை ஒலியெழுப்புவார். ‘லோரி திரும்பி வந்துருச்சு’ என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு அம்மா எழுந்து அடுப்படிக்குச் செல்வார். மகன் வந்துவிட்டான் என்று சொல்லி நான் கேட்டதில்லை. லோரி வந்துவிட்டது என்றே சொல்வார்.

1989இல் அத்தோட்டம் கைமாறியது. லயங்களில் இருந்த 32 குடும்பங்கள் 12 மைலுக்கு அப்பால் மலிவு விலை வீடுகளுக்குப் போக வேண்டியதாயிற்று. கட்டில், அலமாரி, அம்மி, சாமி படம், கோழிக்கூடு, கருவேப்பிலைக் கன்று என எல்லாவற்றையும் அந்தப் பட்டாள லோரிதான் மூன்று நாள் சுமந்தது. நண்பர் யாரிடமும் கூலி வாங்கவில்லை. ஆனால் ஒருவரையும் ஏற்றவில்லை. ‘சாமான்மேல உக்காந்துக்கிறோமே’ என்று கேட்ட சிறுவர்களையும் இறக்கிவிட்டார். எல்லாரும் பணம் கூட்டி, வாடகைப் பேருந்து ஒன்றை அமர்த்திக்கொண்டார்கள். முன்னே மனிதர்கள் பேருந்தில். பின்னே அவர்களுடைய வாழ்க்கை லோரியில்.

அம்மா வாசற்படலைப் பிடித்து நின்று வழியனுப்பினார். கடைசி நாள் மாலையில் வெற்று லோரி திருப்பத்தில் ஒலியெழுப்பியது. அன்று அவர் உடனே எழவில்லை. “லோரி திரும்பி வந்துருச்சு” என்றார். சிறிது நேரம் கழித்து, “சனங்கதான் வரமாட்டாங்க” என்றார். கருத்த மழையில் கரைந்துகொண்டிருந்த காலி லயங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய மகனாலும் அந்த ஒன்றைத் தடுக்க முடியவில்லை.

அம்மா 1998இல் மறைந்தார். லோரி அதற்கு முன்பே பழைய இரும்பாய் விலைபோயிற்று. என் நெற்றியில் காஞ்சிங் சரிவு இட்ட தழும்பு மட்டும் இன்னும் இருக்கிறது.

அதன்பின் நான் ஓய்வு பெறும்வரை, முட்டுக்கட்டை என்பதற்குத் ‘தடை’ என்று மாணவர் எழுதினால் அரை மதிப்பெண்ணே அளித்து வந்தேன். மீதி அரை மதிப்பெண்ணுக்காக வாதாட வருகின்ற மாணவனை உட்கார வைத்து, இந்தக் கதையைச் சொல்வேன்.